அழுதால் விசுவாசக் குறைவா? கோபப்பட்டால் பாவமா?

சின்னப்புறா எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்ச நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. வேதத்தை நன்றாக வாசித்தவர்கள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

இந்த வருட ஆரம்பத்தில் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். நீண்ட நாள் படுக்கை, கடைசிவரை நான்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். அடக்க ஆராதனையில் நான் அழுதபோது சபையில் ஒரு மூத்த சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறார்கள், நீ இப்படி அழுதால் மற்றவர்களுக்கு அது என்ன சாட்சி?" என்று கேட்டார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து அழுகை வரும்போதெல்லாம் கூடவே ஒரு குற்ற உணர்வும் வந்துவிடுகிறது. "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று வசனம் நேராகவே சொல்கிறதே, அப்படியானால் நான் கீழ்ப்படியாமல் இருக்கிறேனா?

இரண்டாவது, அண்ணன் மேல் உள்ள கோபம். அம்மா படுத்திருந்த காலமெல்லாம் எட்டிப்பார்க்காதவர், அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் நின்று அம்மாவைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அதைக் கேட்டபோது எனக்குள் எழுந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் சொல்கிறேன், மறுநாள் காலையில் அதே கோபத்தோடு எழுந்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சில வாரங்களாக எதுவுமே தோன்றவில்லை. அழுகைகூட இப்போது குறைந்துவிட்டது. ஆராதனையில் எல்லாரும் கைகளை உயர்த்தித் துதிக்கும்போது நான் மரம் மாதிரி நிற்கிறேன்.

உணர்ச்சிகள் எல்லாமே பழைய மனுஷனை, அதாவது மனந்திரும்புவதற்கு முந்தைய பாவ சுபாவத்தை, சேர்ந்தவையா, ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர வளர அவை அடங்கிவிட வேண்டுமா? தயவுசெய்து "ஜெபம் பண்ணுங்கள், சரியாகிவிடும்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

யாக்கோபின்கிணறு எழுதியது:

சகோதரி, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட உங்களுக்குக் கர்த்தர் ஆறுதல் தருவாராக. முதல் கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன், மற்ற இரண்டுக்கும் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

அப்போஸ்தலர் 7-ம் அதிகாரத்தின் முடிவையும் 8-ன் தொடக்கத்தையும் அதிகாரப் பிரிவைக் கவனிக்காமல் சேர்த்து வாசித்துப் பாருங்கள். சாகும் நேரத்தில் வானம் திறந்திருப்பதையும் மனுஷகுமாரன் தேவனுடைய வலதுபக்கத்தில் நிற்பதையும் பார்க்கிறேன் என்று, விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான் சொல்லியிருக்கிறார். அவர் எங்கே போனார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு யாருக்குக் கிடைக்கும்? அப்புறம் 8:2 என்ன சொல்கிறது: "தேவபக்தியுள்ள மனுஷர் ஸ்தேவானை எடுத்து அடக்கம்பண்ணி, அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்." மிகவும் துக்கப்பட்ட அந்த மனிதர்களைத்தான் லூக்கா தேவபக்தியுள்ளவர்கள் என்று எழுதுகிறார். பரலோகம் நிச்சயம் என்பதால் பிரிவின் வலி இல்லாமல் போய்விடும் என்ற எண்ணமே ஆதிச் சபையில் இல்லை.

லாசருவின் கல்லறையும் அப்படித்தான். "நான் அவனை எழுப்பப்போகிறேன்" என்று யோவான் 11:11-லேயே இயேசு சீஷர்களிடம் சொல்லிவிட்டார். என்ன நடக்கப்போகிறது என்று அந்த இடத்தில் நிச்சயமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், ஆனாலும் மரியாள் அழுவதைப் பார்த்து ஆவியிலே கலங்கி, கண்ணீர் விட்டார். "ஏன் அழுகிறாய், இது என்ன சாட்சி?" என்று மரியாளிடம் கேட்கவில்லை. அவரும் கூடச் சேர்ந்து அழுதார், அதைப் பார்த்த யூதர்கள் "இவர் அவனை எவ்வளவாய்ச் சிநேகித்தார்" என்றார்கள். கண்ணீரே அங்கே சாட்சியாக ஆனது. 1912-ல் பெஞ்சமின் வார்ஃபீல்ட் என்ற இறையியலாளர் இயேசுவின் உணர்ச்சி வாழ்க்கையைப் பற்றி மட்டுமே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மனதுருக்கம், துக்கம், கோபம், சந்தோஷம் எல்லாவற்றையும் சுவிசேஷங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார், அதிகமாகச் சொல்லப்படுவது மனதுருக்கம்தான் என்கிறார். பாவமே இல்லாதவருக்கு இத்தனை உணர்ச்சிகள் இருந்தன என்றால், உணர்ச்சி என்பதே பழைய மனுஷனைச் சேர்ந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

சரி, "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்துக்கு வருவோம். 1 தெசலோனிக்கேயர் 5:16 அது. அதே நிருபத்தில் ஒரு அதிகாரம் முன்னால், 4:13-ல், நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார் பவுல். துக்கமே கூடாது என்று அவர் எழுதவில்லை, நம்பிக்கை இல்லாதவர்கள் துக்கப்படுகிற விதமாகத் துக்கப்படாதீர்கள் என்கிறார். பிலிப்பியரில் இன்னும் தெளிவாகத் தெரியும். கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று 4:4-ல் சொல்வதற்கு முன்பே, தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து நோயில் செத்துப்போயிருந்தால் தனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" வந்திருக்கும் என்று 2:27-ல் எழுதிவிட்டார், 3:18-ல் கண்ணீரோடு எழுதுகிறேன் என்கிறார். சிறையிலிருந்து எழுதிய இந்த ஒரு கடிதத்திலேயே கண்ணீரும் இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது. ஒன்று போனால்தான் இன்னொன்று வரும் என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை.

ஆகவே நீங்கள் கீழ்ப்படியாமல் இருக்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த மூத்த சகோதரியைக் குறை சொல்லவும் வேண்டாம், பலருக்கும் அழுகிறவர் பக்கத்தில் நிற்கத் தெரியாது, அதனால் எதையாவது சொல்லிவிடுகிறார்கள்.

விழித்திரு எழுதியது:

சிஸ்டர், அழுவது தவறு என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் உணர்ச்சிகளுக்கு அதிக இடம் கொடுப்பது ஆபத்து என்பது என் கருத்து. எல்லாவற்றையும்விட இருதயமே திருக்குள்ளது என்று எரேமியா 17:9 சொல்கிறது. இன்று பல இடங்களில் உணர்ச்சிவசப்படுவதையே ஆவியானவரின் அசைவாடுதல் என்று நினைக்கிறார்கள். பாட்டின் வேகம் கூடினால் அபிஷேகம், குறைந்தால் வறட்சி என்று ஆகிவிட்டது. நாம் தரிசித்து நடவாமல் விசுவாசித்து நடக்கிறவர்கள். தாவீதைப் பாருங்கள், பிள்ளை இறந்துவிட்டது என்று தெரிந்ததும் தரையை விட்டு எழுந்து, குளித்து, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டார் (2 சாமுவேல் 12:20). அப்படி எழுந்துவிட வேண்டும்.

யாக்கோபின்கிணறு எழுதியது:

@விழித்திரு, ஆராதனை பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம், சகோதரியின் மூன்றாவது கேள்விக்கே அதில் பாதிப் பதில் இருக்கிறது. பாட்டு நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை என்பதால் ஆவியானவர் விலகிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. அமெரிக்கப் போதகர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ், தான் நேரில் கண்ட எழுப்புதலுக்குப் பிறகு, 1746-ல் இதைத்தான் விரிவாக எழுதினார். அவர் உணர்ச்சியை ஒதுக்கியவர் அல்ல, மெய்யான பக்தியின் பெரும்பகுதி பரிசுத்தமான உணர்ச்சிகளில்தான் இருக்கிறது என்றவர். ஆனால் உணர்ச்சி மிகவும் வலுவாக இருப்பதோ, உடல் நடுங்குவதோ, அது தேவனிடமிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் ஆகாது என்றும் அவரே சொன்னார். அந்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்பதைத்தான் கடைசியில் முக்கியமான அடையாளமாக வைத்தார்.

தாவீது விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. குழந்தை இறந்ததும் எழுந்து குளித்த அதே தாவீது, தனக்கு எதிராகக் கலகம் செய்த மகன் அப்சலோம் போரில் இறந்தபோது வாசல் மேல்மாடிக்கு ஏறிப்போகும்போதே "என் மகனாகிய அப்சலோமே" என்று கதறிக்கொண்டே போனார். நண்பன் யோனத்தானுக்காகப் புலம்பல் பாட்டே எழுதி, அதை யூதா புத்திரர் கற்றுக்கொள்ளச் சொன்னார். மூன்று மரணம், மூன்று விதமாக அந்த ஒரே மனிதர் துக்கப்பட்டார். அப்சலோமுக்கான துக்கத்தில் தனக்காகப் போர் செய்தவர்களை மறந்துவிட்டார் என்று படைத்தலைவன் யோவாப் கண்டித்ததும் உண்மைதான், அதாவது துக்கம் மற்றவர்களை நம் கண்ணிலிருந்து முழுக்க மறைத்துவிடலாம், அந்த எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் இத்தனை நாளில் எழுந்துவிட வேண்டும் என்ற சட்டம் அதில் இல்லை. எரேமியாவும் அப்படித்தானே. இருதயம் திருக்குள்ளது என்று எழுதியவர், என் கண்கள் கண்ணீர் ஊற்றாக இருந்தால் நலமாயிருக்கும் என்றும் எழுதினார்.

பழைய ஏடு எழுதியது:

நான் கத்தோலிக்கன், அதனால் பெயர்களைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சகோதரி எழுதியதை வாசித்ததும் எனக்குப் புனித அகுஸ்தீனார்தான் நினைவுக்கு வந்தார்.

கி.பி. 387-ல் ரோமுக்கு அருகே இருந்த ஓஸ்தியா துறைமுகத்தில் அவருடைய தாய் மோனிக்கா இறந்தார். அப்போது அகுஸ்தீனார் திருமுழுக்குப் பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தாயின் கண்களை மூடியபோது அழுகை பொங்கி வந்தது, பிடிவாதமாக அடக்கினார். அவருடைய மகன் அதேயோதாத்துஸ் வாய்விட்டு அழ, சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அவனை அமைதியாக்கினார்கள். விசுவாசத்தோடு இறந்தவருக்காக இப்படிப் புலம்புவது பொருத்தம் இல்லை என்று நினைத்தார்கள், கிட்டத்தட்ட உங்களுக்குச் சொல்லப்பட்டதேதான். அடக்கம் முடியும்வரை அவர் அழவில்லை. அப்புறம் குளித்துப் பார்த்தார், துக்கம் போகவில்லை. தூங்கி எழுந்தார், கொஞ்சம் இலேசானது. பிறகு தனிமையில், கடவுளின் முன்னால், அடக்கி வைத்திருந்த கண்ணீரையெல்லாம் விட்டுவிட்டார். தாய்க்காகக் கொஞ்ச நேரம் அழுததைப் பாவம் என்று நினைக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அன்பு இருந்தால் என் பாவங்களுக்காக அழட்டும் என்று பல ஆண்டுகள் கழித்து எழுதிவைத்தார். இவர் ஆயராக ஆன பிறகு எழுதிய வரிகள் இவை.

கோபத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் அவரே உதவுகிறார். ஞானி என்பவன் உணர்ச்சியே இல்லாதவனாக இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்து ஸ்டோயிக் தத்துவவாதிகள் சொன்னார்கள். அகுஸ்தீனார் அதை ஏற்கவில்லை. பக்தியுள்ள ஒருவர் கோபப்படுகிறாரா என்பதைவிட ஏன் கோபப்படுகிறார் என்பதையும், வருந்துகிறாரா என்பதைவிட எதற்காக வருந்துகிறார் என்பதையும்தான் நாம் கேட்கிறோம் என்றார். கோபத்துக்கு அடியில் ஏதோ ஒரு அன்பு இருக்கிறது, எதை நேசிக்கிறோமோ அதற்கு அடி விழும்போதுதான் கோபம் வருகிறது. உங்கள் கோபத்தின் அடியில் இருப்பது என்ன? அம்மா தனியாக விடப்பட்டார் என்ற வேதனை என்றால், அது நீதியைச் சேர்ந்தது, அதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் பட்ட பாடு யாருக்கும் தெரியவில்லையே, பாராட்டு அவருக்குப் போய்விட்டதே என்பதும் அதில் கலந்திருக்கலாம். அதுவும் மனித இயல்புதான், ஆனால் அந்த இரண்டாவது பகுதியைக் கவனிக்காமல் விட்டால் அதுதான் கசப்பாக மாறும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது உங்களால் மட்டும்தான் முடியும்.

எபேசியர் 4-ம் அதிகாரத்தில் தூய பவுல் சினமுற்றாலும் பாவம் செய்யாதீர்கள் என்கிறார், ஐந்து வசனம் தள்ளி எல்லாக் கசப்பையும் சினத்தையும் விட்டுவிடுங்கள் என்கிறார். முரண்பாடு மாதிரித் தெரியும். கோபம் வருவதைத் தடுக்க முடியாது, அது நமக்குள் குடியேறுவதைத் தடுக்க முடியும் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். காயீனின் கதையில் என்னைத் தொடுவது இதுதான்: அவன் தம்பியைக் கொல்வதற்கு முன்பே, கோபமாக மட்டும் இருந்த அந்த நேரத்திலேயே, கடவுள் வந்து ஏன் கோபமாக இருக்கிறாய் என்று கேட்டார். தண்டிக்கும் முன்பு பேச வந்தார். காயீன் பதிலே சொல்லவில்லை. யோனாவிடமும் அதே கேள்வி வந்தது, யோனா குறைந்தபட்சம் ஆமாம், எனக்குச் சாகும் அளவுக்குக் கோபம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

மன்னித்த மறுநாள் கோபம் திரும்பி வருகிறது என்றீர்கள். மன்னிப்பு என்பது பழிவாங்க மாட்டேன் என்ற தீர்மானம், உணர்ச்சி அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும். திரும்பி வந்தது என்பதால் நீங்கள் மன்னித்தது பொய் ஆகிவிடாது. அண்ணனிடம் என்றாவது நேரில் பேசவும் வேண்டியிருக்கும், ஆனால் அதற்கு இப்போதே அவசரம் இல்லை.

இரவுப்பணி எழுதியது:

அக்கா, நான் மனநலப் பிரிவில் நர்ஸாக வேலை செய்கிறேன், அதோடு விசுவாசியும்கூட. உங்கள் மூன்றாவது கேள்வியை எல்லாரும் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீண்ட நாள் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, அவர் போன பிறகு இப்படி மரத்துப்போவது அடிக்கடி நடப்பதுதான். தூக்கம் கெட்டு, கவலையோடு மாதக்கணக்கில் ஓடிய உடம்பு அது. எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் மேல் அவ்வளவு பெரிய வெற்றி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அதற்குத் தேவன் என்ன செய்தார்? பிரசங்கம் இல்லை, கண்டிப்பு இல்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் அப்புறம்தான், ஓரேப் மலையில். தாமஸ் அக்குவினாஸ் என்ற கத்தோலிக்க இறையியலாளர் 13-ம் நூற்றாண்டில் துக்கத்துக்கு மருந்துகள் என்று எழுதியதில் கண்ணீரும், நண்பர்களின் இரக்கமும், உண்மையைத் தியானிப்பதும், தூக்கமும் குளியலும் இருக்கின்றன. பழைய ஏடு அண்ணன் இதைச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துக்கத்தில் பொதுவாக வலி அலை மாதிரி வந்து வந்து போகும், நடுவில் ஏதோ ஒரு நினைவில் சிரிப்புகூட வரும். மனச்சோர்வு நோய் அப்படி இல்லை. பெரும்பாலான நாட்களில், நாள் முழுக்க, எதிலும் விருப்பம் இல்லாமல், தூக்கமும் பசியும் மாறி, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணத்தோடு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். அக்கா, உங்களுக்கு அப்படி இருக்கிறதா? இங்கே எழுதக் கூச்சமாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், ஸ்பர்ஜனைப் பற்றிச் சொல்லுங்கள். 1856-ல், அவருக்கு 22 வயதுதான், லண்டனில் ஒரு பெரிய அரங்கத்தில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது யாரோ தீ என்று பொய்யாகக் கத்தியதில் கூட்டம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியும் அதன்பின் வந்த மனச்சோர்வும் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கித்தவர், தன் சோர்வைப் பிரசங்க மேடையிலேயே வெளிப்படையாகச் சொன்னார், போதகர்களாகப் படித்த மாணவர்களுக்கு அதைப் பற்றித் தனி விரிவுரையே எடுத்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வது?

சின்னப்புறா எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்போஸ்தலர் 8:2-ஐ எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை.

இரவுப்பணி தம்பியா தங்கையா தெரியவில்லை, வாழ வேண்டாம் என்ற எண்ணம் இல்லை. தூக்கம் மட்டும் சரியில்லை, காலையில் எழவே மனம் வருவதில்லை. இந்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறேன். பழைய ஏடு ஐயா பிரித்துச் சொன்னதில் இரண்டாவதும் எனக்குள் இருக்கிறது, மறைக்க ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும், முதலில் எழுத தைரியம் வரவில்லை. கோபம் அண்ணன் மேல் மட்டும் இல்லை. அம்மாவுக்காக அவ்வளவு ஜெபித்தோம், உபவாசித்தோம். ஆண்டவர் மேலேயே எனக்கு வருத்தம் இருக்கிறது. இதை அவரிடமே சொல்லலாமா?

விழித்திரு எழுதியது:

சிஸ்டர், சொல்லுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரியும். உணர்ச்சி பற்றி நான் எழுதியது உங்களுக்குப் பாரமாக இருந்திருக்கக் கூடாது என்று நினைக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

யாக்கோபின்கிணறு எழுதியது:

தாராளமாகச் சொல்லலாம், சொல்ல வார்த்தைகளையும் அவரே கொடுத்திருக்கிறார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ம் சங்கீதம் தொடங்குகிறது. ஆறே வசனம், முடியும்போது நம்பிக்கைக்கு வந்துவிடும். ஆனால் உங்களுக்கு இப்போது 88-ம் சங்கீதம் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதில் கடைசியில்கூட விடிவதில்லை. நண்பர்களைத் தூரமாக்கினீர், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று அப்படியே முடிந்துவிடும். துதியோடு முடிக்காத ஒரு ஜெபத்தை ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார். ஆனால் முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் சொல்கிறார் அந்த மனிதர். முறையிடுவதற்கும் அவரை விட்டுப் போய்விடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

யோபு இதைவிடக் கடுமையாகப் பேசினார். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது, தேவனுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு சரியாகத் தோன்றும் உபதேசம் பேசிய நண்பர்கள் மேல். என் தாசனாகிய யோபைப்போல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார் (42:7). அந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்களே, அதுதான் அவர்கள் செய்த நல்ல காரியம்.

ஒரு வழி சொல்கிறேன். 88-ஐ ஒரு நாளைக்கு ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். அப்புறம் ஒரு தாளில் "கர்த்தாவே" என்று தொடங்கி, அம்மாவைப் பற்றி நீங்கள் கேட்க நினைப்பதை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். கடைசியில் துதி எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள், வருகிற நாளில் அதுவாக வரட்டும். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடியுமானால் இன்னும் நல்லது, பதில் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

தங்கைதான் அக்கா. மருத்துவரிடம் போகும்போது அம்மாவை எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டீர்கள் என்பதையும், தூக்கம் எப்போதிலிருந்து கெட்டது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பலர் அதைச் சொல்லாமல் வெறும் சோர்வு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள்.